சத்தம் ஆகாத வீடு

தனலெட்சுமி ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தன் வீட்டுச் சேவலை அறுத்த பிறகுதான், பக்கத்துக் காம்பராவில் ஏதோ சரியில்லை என்ற முடிவுக்கு ராசம்மா வந்தாள்.

திருவிழா இல்லை. விருந்தாளி இல்லை. நேர்ந்துவிட்ட சேவலும் இல்லை. செவ்வாய், வெள்ளியில் முட்டையைக்கூடத் தொடாத வீடு அது. தாங்கள் ஒரு துண்டு வாயில் வைக்காமல், கறியை நாலு வீட்டுக்குப் பங்கு வைத்துக் கொடுத்துவிட்டு, தனலெட்சுமி படங்குச் சாக்கை இடுப்பில் சுற்றிக்கொண்டு, வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போய்விட்டாள். ராசம்மாவுக்குக் கிழமைக் கணக்கெல்லாம் கிடையாது. புருஷன் போனதோடு விரதமும் போயிற்று. அவள் பங்கில் ஒரு முழுக்கால் வந்திருந்தது. அதைக் கடித்துக்கொண்டே யோசித்தாள். கால் தீர்ந்ததே தவிர காரணம் பிடிபடவில்லை.

காரணம் பிடிபடாமல் போவது ராசம்மாவுக்கு அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை. லிந்துலைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து மேல்கணக்கு லயத்தில், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக நிற்கிற இருபது காம்பராவில் யார் வீட்டில் பருப்பு தீய்ந்தாலும் முதலில் மூக்கு நிமிர்வது அவளுக்குத்தான். முப்பத்தைந்து வருஷம் கொழுந்து பறித்து, முழங்கால் தேய்ந்து வீட்டோடு உட்கார்ந்தவள். காலையில் வாசல் இஸ்தோப்புப் படியில் பால் சேர்க்காத சாயத்தண்ணியோடு அமர்ந்தால் கொழுந்து மலைக்குப் போகிறவர்கள், வருகிறவர்கள், போகாமல் சாக்குச் சொல்கிறவர்கள் எல்லாரும் அவள் கண்ணில் பட்டுத்தான் ஆகவேண்டும். அதில் அவள் திறமை பாதி. மீதி, லயத்தைக் கட்டிய வெள்ளைக்காரனின் கஞ்சத்தனம். காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவில் அவன் வைத்த சுவர் கூரையைத் தொடாது. அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் ‘நூறு வயசு’ என்று சொல்லலாம்.

தனலெட்சுமியின் மகள் சுலக்ஷனா மயங்கி விழுகிற சங்கதி அந்தச் சுவருக்கு மேலாகத்தான் வந்தது. இருபத்திரண்டு வயசு. இருபத்தெட்டு கிலோ கொழுந்தைச் சுமந்துகொண்டு கொழுந்து நிறுக்கிற மடுவத்து ஏற்றத்தில் மூச்சு வாங்காமல், கூட வருகிறவளுக்குக் கதையும் சொல்லிக்கொண்டு ஏறுகிற பிள்ளை. காய்ச்சல் தலைவலி என்று ஒரு நாள் படுத்ததில்லை. ஆவணியில் ஒரு விடியற்காலை, கைபேசியில் அலாரம் அடித்ததும் எழுந்து உட்கார்ந்தவள் அப்படியே சரிந்தாள். புரட்டாசியில் அஞ்சாம் நம்பர் மலையில் கங்காணி விசில் ஊதியபோது தேயிலைச் செடிக்குள் முகம் குப்புற விழுந்தாள். மூன்றாவது, போன ஞாயிற்றுக்கிழமை, ஜன்னல் ஓரமாக நின்று தலை பின்னிக்கொண்டிருந்தபோது. ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிஷமோ ஒன்றரையோதான். பிறகு கண்ணைத் திறந்து, ஏன் எல்லாரும் என்னைப் பார்க்கிறீங்க என்பாள்.

தோட்டத்து மருந்துக்காரர் சத்து மாத்திரை கொடுத்தார். டவுனில் ஒரு டொக்டர் ரத்தம், சீனி, பிரஷர் எல்லாம் பார்த்துவிட்டு, இவ்வளவு ஆரோக்கியமான பிள்ளையை ஏன் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டார். பூசாரி கண்ணூறு என்று கயிறு கட்டினார். ராசம்மாவிடம் இவர்கள் எல்லாரையும்விட உறுதியான ஒரு காரணம் இருந்தது. கல்யாணமாகாத பிள்ளை மயங்கினால் வேறென்ன? மூன்று வாரம் பக்கத்து வீட்டுக் கொடிக்கம்பியைக் கண் கொட்டாமல் கவனித்தாள். நாலாம் வாரம் மாசத்துணி காய்ந்தது. கொஞ்சம் ஏமாற்றத்தோடுதான் அந்தக் காரணத்தைக் கைவிட்டாள்.

சேவல் செத்த அன்று சாயங்காலம் தனலெட்சுமியே அவள் வாசலுக்கு வந்தாள். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டிருந்தது. தலையில் போட்டிருந்த உரச்சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது. உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

“அக்கா, ஒன்னு கேக்கணும். கோவிச்சுக்கக் கூடாது.”

“கேளு தனம். நான் எப்ப கோவிச்சுருக்கேன்?”

தனலெட்சுமி நேரே சங்கதிக்கு வந்தாள். “ஒங்க குக்கர கொஞ்ச நாளைக்கு அடுப்புல ஏத்தாம இருக்கீங்களா?”

ராசம்மா சாயத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள். அது சாதாரணக் குக்கர் இல்லை. கட்டாரில் வேலை செய்கிற மகன் பெட்டியில் அனுப்பியது. அது விசில் அடிக்கும்போதெல்லாம் மகன் கூப்பிடுகிற மாதிரி அவளுக்கு இருக்கும். லயத்துக்கும் அது கேட்கவேண்டும் என்பது உபரி ஆசை.

“ஏன், என் குக்கர் ஒன்ன என்னா பண்ணுச்சு?”

“புள்ளைக்குச் சத்தம் ஆகலக்கா. எல்லாச் சத்தமும் இல்ல. திடீர்னு வருதே, அந்தச் சத்தம். அலாரம் அடிச்சிச்சு, விழுந்தா. விசில் ஊதுனாரு, விழுந்தா. முந்தாநேத்து ஜன்னல்கிட்ட நின்னுக்கிட்டு இருக்கா, சேவல் காதோரமா வந்து கூவுது, விழுறா. அதான் அத அறுத்தேன். அலாரத்த அமத்திட்டேன். காலையில காலுப் பெருவிரலப் புடிச்சு மெல்ல அமுக்கித்தான் எழுப்புறேன். சாப்பாட்டுத் தட்டுக்கெல்லாம் அடியில துணி வச்சிருக்கேன். கங்காணிகிட்டயும் சொல்லிட்டேன், எங்க மலையில விசில் ஊதாம கையக் காட்டுங்கன்னு.”

“கங்காணி என்னா சொன்னாரு?”

“சிரிச்சாரு. ஆனா விசில் ஊதல.”

“ஏம் புள்ள தனம், சத்தத்துக்கு மயக்கம் வரும்னு எந்த டொக்டர் சொன்னாரு?”

“யாரும் சொல்லல. நானாத்தான் பாத்தேன்.”

ராசம்மாவுக்குச் சுருக்கென்றது. இருபது காம்பராவையும் பார்த்துக்கொண்டிருக்கிறவள் அவள். தன் மூக்குக்கு நேரே நடந்த ஒன்றை, விடிந்தால் மலை, அடைந்தால் அடுப்பு என்று இருக்கிற இவள் பார்த்துவிட்டாளாம்.

“சரி சரி, பாக்குறேன்” என்றாள்.

பார்க்கத்தான் செய்தாள். நாலு நாள் சும்மா இருந்தாள். அதற்குள் லயத்தில் பாதிப் பேருக்கு, தனலெட்சுமிக்கு மூளை கலங்கி, சத்தத்துக்குப் பயந்து சேவலைக் கொன்ற கதை போய்ச் சேர்ந்திருந்தது. யார் கொண்டுபோனார்கள் என்று தனியே சொல்லவேண்டியதில்லை. அஞ்சாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பக்கத்தில் தாயும் மகளும் ரொட்டிக்கு மாவு பிசைகிற சத்தம் கேட்டது. தனலெட்சுமியின் புருஷன் அழகையாவும் வீட்டில்தான் இருந்தார். செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியைக் கல்லில் மெல்ல, மிக மெல்லத் தீட்டிக்கொண்டிருந்தார். ராசம்மா குக்கரில் கடலையைப் போட்டு அடுப்பில் ஏற்றினாள். சோதித்துப் பார்த்தால் தெரிந்துவிடப் போகிறது, அவ்வளவுதானே.

விசில் அடித்தது. சுவருக்கு அந்தப் பக்கம் மாவுச் சட்டி உருண்டது. பிறகு ஒரு ஆள் விழுகிற சத்தம்.

ராசம்மா முழங்காலை மறந்து ஓடினாள். அடுப்பங்கரை மண்தரையில் சுலக்ஷனா கிடந்தாள். இந்தத் தடவை ஒன்றரை நிமிஷத்தில் எழவில்லை. கண் பாதி திறந்திருந்தது. உதடு நாவற்பழ நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. அழகையா கத்தியும் கையுமாக அப்படியே நின்றார். தனலெட்சுமி அழவில்லை, கூப்பாடு போடவில்லை. மகளின் மேல் மண்டி போட்டு, மாவுக் கையாலேயே நடுநெஞ்சில் ஓங்கி ஒரு குத்து விட்டாள். பிறகு இரண்டு கையையும் சேர்த்து வைத்து அமுக்கினாள். அமுக்கிக்கொண்டே இருந்தாள். போன வருஷம் தோட்டத்தில் முதலுதவி வகுப்பு வைத்தபோது, தேத்தண்ணியும் பிஸ்கட்டும் முடிந்ததும் எல்லாரும் எழுந்து வந்துவிட்டார்கள். கடைசிவரை இருந்தவள் இவள் ஒருத்திதான். அதற்காகவும் ராசம்மா சிரித்திருக்கிறாள்.

எவ்வளவு நேரம் என்று யாருக்கும் தெரியாது. பிள்ளை இழுத்து ஒரு மூச்சு விட்டபோது பக்கத்து வீட்டில் கடலை அடிப்பிடித்துக் கருகிக்கொண்டிருந்தது.

லொறியில் ஏற்றி டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ராசம்மாவும் ஏறிக்கொண்டாள். யாரும் கூப்பிடவில்லை, யாரும் இறங்கச் சொல்லவும் இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் ஐந்து வருஷம் கினிகத்தேனையில் ஒரு கடை வீட்டில் வேலைக்கு நின்றவள். சிங்களம் தண்ணி பட்ட பாடு. தனலெட்சுமிக்கு பஸ்ஸில் இடம் கேட்கிற அளவுதான் தெரியும்.

மறுநாள் காலையில் வார்டுக்கு ஒரு சிங்கள டொக்டர் நோனா வந்தாள். சுலக்ஷனாவைவிட நாலைந்து வயசுதான் கூட இருக்கும். பிள்ளையின் நெஞ்சில் வயர் ஒட்டி எடுத்த ஈசிஜி தாளைக் கையில் வைத்திருந்தாள். அவசரப்படாத பெண். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எப்போது விழுந்தாள், அப்போது என்ன செய்துகொண்டிருந்தாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். ராசம்மா சிங்களத்தைத் தமிழாக்கினாள், தமிழைச் சிங்களமாக்கினாள். அலாரம், விசில், சேவல், குக்கர். குக்கர் யாருடையது என்று டொக்டர் கேட்கவில்லை. ராசம்மாவும் அந்த விவரத்துக்குள் போகவில்லை.

சத்தத்தை யார் கண்டுபிடித்தது என்று டொக்டர் கேட்டாள். ராசம்மா தனலெட்சுமியைக் காட்டினாள். டொக்டர் சற்று நேரம் தனலெட்சுமியின் கையையே பார்த்தாள். கொழுந்துக் கறை ஏறிக் கறுத்த, வெடிப்பு விழுந்த விரல்கள்.

“படித்த எங்களுக்கே இதைக் கண்டுபிடிக்கப் பல நாள் ஆகும் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்” என்றாள் சிங்களத்தில். ராசம்மா சொன்னாள். ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னாள்.

பிறகு அந்தக் கேள்வி வந்தது. குடும்பத்தில் யாராவது சின்ன வயதில், நோய் நொடி இல்லாமல், திடீரென்று இறந்திருக்கிறார்களா?

ராசம்மா தமிழில் கேட்டாள். கேட்கும்போதே குரல் இறங்கியது.

தனலெட்சுமி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். “அப்பிடி ஒருத்தரும் இல்லன்னு சொல்லுங்கக்கா.”

அழகையா ஜன்னலைப் பார்த்தார். டொக்டர் பேனாவைத் தாளில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். இல்லை என்பதற்குச் சிங்களத்தில் ஒரே எழுத்து. ராசம்மாவின் நாக்கு நுனியில் அது வந்துவிட்டது. வந்து, அங்கேயே நின்றது.

“இருக்காங்க” என்றாள் சிங்களத்தில். “இந்த அம்மாவோட தம்பி. விஜிதரன். இருபத்தொரு வயசு. தண்ணியில போனான்.”

தனலெட்சுமிக்கு முழுதும் விளங்கவில்லை. ஆனால் தம்பியைக் குறிக்கிற ‘மல்லி’யும், தண்ணீரைக் குறிக்கிற ‘வத்துர’வும் விளங்காத தோட்டத்து ஆள் கிடையாது. கூட விஜிதரன் என்கிற பெயர். பத்தொன்பது வருஷமாக அந்த வீட்டில் யார் வாயிலும் வராத பெயர். அவள் திரும்பி ராசம்மாவைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. நடுத்தெருவில் உடுதுணியை உருவினவளைப் பார்க்கிற பார்வை.

“நீச்சல் தெரியாதா?” டொக்டர் கேட்டாள்.

“மீன் மாதிரி நீந்துவான்.”

“யாராவது பார்த்தார்களா?”

ராசம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். “நான்தான் பாத்தேன். ஆத்துக் கல்லுல துணி தொவச்சுக்கிட்டு இருந்தேன். சிரிச்சுக்கிட்டே மேல் பாறையிலருந்து குதிச்சான். பாதி தூரம் நீந்தி வந்தான். என்னப் பாத்து என்னமோ சொல்ல வாயத் தொறந்தான். அப்பிடியே நின்னுட்டான், நோனா. கைய ஒதறல. கூப்புடல. லைட்ட நிப்பாட்டுன மாதிரி.”

டொக்டர் ஈசிஜி தாளை மேசையில் விரித்து, ஒரு சிறு அளவுகோலை வைத்து, கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவில் அளந்தாள். நாலைந்து இடத்தில் அளந்தாள். பிறகு விளக்கினாள். ராசம்மா தன் மொழியில் மாற்றிச் சொன்னாள்: “தனம், புள்ளையோட இருதயம் நல்ல இருதயமாம். அடிச்சு முடிச்சு அடுத்த அடிக்குத் தயாராக நமக்கு ஆகுற நேரத்தவிட அவளுக்குக் கொஞ்சம் கூட ஆகுதாம். அந்த நேரம் பாத்து திடுக்குன்னா, தாளம் தப்பிப் போயிருதாம். பொறக்கும்போதே உள்ளதாம். ரத்தத்துல வர்றதாம். தெனம் ஒரு மாத்திர போடணும், ஒரு நாளும் விடக் கூடாது. கண்ட கண்ட மருந்து குடுக்கக் கூடாது. தனியா தண்ணியில எறங்கக் கூடாது. கண்டிக்கு அனுப்பி இன்னும் பாப்பாங்களாம். நீ செஞ்ச மாதிரியே செய்யணுமாம், சத்தத்துக்கு.”

“பொழைச்சுக்குவாளா, கேளுங்க.”

கேட்டாள். “பாத்துக்கிட்டா நெறைய நாள் இருப்பாளாம்.”

தாய் வழியில் வந்திருக்கும் என்று தனலெட்சுமிக்கும் வயர் ஒட்டிப் பார்த்தார்கள். அவள் கோடும் நீளமாகத்தான் இருந்தது. நாற்பத்தாறு வயசு வரைக்கும் எப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று டொக்டர் ஆச்சரியப்பட்டாள். “எனக்கு இருந்தா இருந்துட்டுப் போகுது” என்றாள் தனலெட்சுமி. “மாத்திரைய மட்டும் எழுதச் சொல்லுங்க. புள்ளையப் பாக்க ஆள் வேணும்ல.” கட்டிலில் உட்கார்ந்திருந்த சுலக்ஷனா, “அம்மா, இனி ஒன்னையும் நான் பெருவிரலப் புடிச்சுத்தான் எழுப்பணும்” என்றாள். அழகையா அப்போதுதான் முதல் முறையாகச் சிரித்தார். சிரிப்பு அழுகையாக மாறுவதற்குள் பிளேன்டீ வாங்கப் போகிறேன் என்று எழுந்து போய்விட்டார்.

பிளேன்டீ வருவதற்கு நேரமாயிற்று. வார்டுக்கு வெளியே வாங்குப் பலகையில் ராசம்மாவும் தனலெட்சுமியும் உட்கார்ந்திருந்தார்கள். எதிர்மலையில் மஞ்சு இறங்கி, கொழுந்து எடுக்கிற பெண்களை ஒவ்வொருவராக மூடிக்கொண்டிருந்தது.

“சிரிச்சுக்கிட்டா குதிச்சான்?” தனலெட்சுமி கேட்டாள். சிங்களம் தெரியாதவள், ஆனால் கேட்க வேண்டியதை யாரிடமோ கேட்டு வாங்கியிருந்தாள்.

“ஆமா தனம்.”

“அன்னைக்கு வேற மாதிரில்ல சொன்னீங்க.”

ராசம்மாவால் அந்தப் பக்கம் திரும்ப முடியவில்லை. “நீச்சல் தெரிஞ்சவன் கையக் காலக்கூட ஆட்டல. அதான், சாகணும்னு முடிவு பண்ணித்தான் எறங்கியிருக்கான்னு நெனச்சேன். நெனச்சத சொன்னேன்.”

“பட்டிப்பொல பொண்ணு? அவ வேணாம்னுட்டாளாம், அதனாலதான் செத்தானாம். அதுவும் நெனச்சதா?”

மஞ்சு கடைசிப் பெண்ணையும் மூடிவிட்டது.

“பொண்ணு நானா வச்சது” என்றாள் ராசம்மா. “ஏன், எதுக்குன்னு எல்லாரும் கேட்டாங்க. ஒரு காரணம் வேண்டியிருந்துச்சு.”

தனலெட்சுமி பேசினாள், குரல் உயரவில்லை.

“தற்கொலைன்னு சொல்லிப் பதினாறு வைக்கல. போட்டோவ அம்மா அடுப்புல போட்டாங்க. தீபாவளிக்குச் செத்தவங்களுக்கெல்லாம் எலை போடுறோம், அவனுக்குப் போடல. சாகுற வரைக்கும் அம்மா அவன் பேரச் சொல்லல. ஒரு பொண்ணுக்காக நம்மள விட்டுட்டுப் போயிட்டானேன்னு நானும் அவன் மேல கோவமாவே இருந்துட்டேன்க்கா. பத்தொம்பது வருசம்.”

ராசம்மா அப்போதுதான் அவள் பக்கம் திரும்பினாள்.

“இன்னைக்கு நீங்க சொல்லாம விட்டிருந்தா அந்தம்மா அளந்து பாத்துருக்குமான்னு எனக்குத் தெரியாது” என்றாள் தனலெட்சுமி. “அத நான் மறக்க மாட்டேன். இதையும் மறக்க மாட்டேன். நீங்க ஒன்னு செய்யணும்.”

“சொல்லு.”

“அன்னைக்கு எத்தன வீட்டுல போய்ச் சொன்னீங்களோ, அத்தன வீட்டுலயும் போய் நெசத்தச் சொல்லணும். கூட ஒன்னும் வைக்கக் கூடாது.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. ராசம்மா வெளுத்த சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு முதல் காம்பராவில் தொடங்கினாள். பொய் அன்றைக்கு ஒரு மணி நேரத்தில் லயம் முழுதும் போய்ச் சேர்ந்தது. உண்மைக்கு இரண்டு நாள் பிடித்தது. பொன்னையா வீட்டில் வானொலியைக்கூட நிறுத்தாமல் கேட்டார்கள். நாகலெட்சுமி, “அதான் எனக்கு அன்னைக்கே தெரியுமே” என்றாள். மூன்று வீட்டில் அந்தக் காலத்து ஆட்கள் செத்துப் போயிருந்தார்கள். இரண்டு வீடு கொழும்பில் இருந்தது. அவர்களுக்குப் போன் போட்டுச் சொன்னாள். எதிர் லயத்துக்கு முழங்காலைப் பிடித்துக்கொண்டு படி ஏறினாள். சொல்லச் சொல்ல, பெண் ஒருத்தியோ, கடைசி வார்த்தை ஒன்றோ, வானத்தில் ஒரு சகுனமோ சேர்த்தால் கதை எவ்வளவு நன்றாக நிற்கும் என்று அவள் நாக்கு ஒவ்வொரு வாசலிலும் அரித்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

கடைசிக் காம்பராவில் சர்மிளா என்று புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண் இருந்தாள். அவளுக்கு விஜிதரனையும் தெரியாது, அந்தப் பொய்யையும் தெரியாது. போகாமல் விட்டிருக்கலாம். ஆனால் அன்றைக்கு இந்த வீட்டு வாசலிலும் நின்று சொன்னது ராசம்மாவுக்கு ஞாபகம் இருந்தது. படியில் உட்கார்ந்து முதலிலிருந்து சொன்னாள். அவன் யார், எந்த வீட்டுப் பிள்ளை, எப்படி நீந்துவான், எப்படிச் சிரித்துக்கொண்டு குதித்தான், எப்படி நின்றுபோனான்.

சர்மிளா அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

“ஐயோ பாவம். என்னமோ சொல்ல வாயத் தொறந்தாருன்னீங்களே, என்னா சொல்ல வந்தாரு பெரியம்மா?”

ராசம்மாவுக்குப் பத்துப் பதில் தோன்றியது. பத்தும் நல்ல பதில்.

“தெரியாது” என்றாள்.

“அப்பறம்?”

“அப்பறம் ஒன்னுமில்ல. அவ்வளவுதான்” என்று சொல்லிவிட்டு, முழங்காலில் கை ஊன்றி எழுந்தாள்.